மால்மோவுக்கு 24 பட்டமா, 27 பட்டமா? விளையாட்டுப் பக்க ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் ஐரோப்பியக் கால்பந்து எழுதும், தொகுக்கும், மெய்ப்புப் பார்க்கும் அன்பர்களுக்கு,

வணக்கம்.

ஜூலை மாதம் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுகள் தொடங்கினால் நம் விளையாட்டுப் பக்கங்களில் மால்மோ எஃப்.எஃப். என்ற பெயர் தலைகாட்டும். கூடவே ஒரு வரி அறிமுகமும் வரும்: "27 முறை ஸ்வீடன் சாம்பியன்." இன்னொரு பக்கத்தில் பார்த்தால் அதுவே "24 முறை" என்றிருக்கும். இரண்டு எண்ணுமே சரியானவைதான். 27க்குப் பக்கத்தில் 'சாம்பியன்' என்று போட்டதுதான் தப்பு.

மால்மோ 24 முறை ஸ்வீடன் சாம்பியன் ஆகியிருக்கிறது. ஆல்ஸ்வென்ஸ்கான் எனப்படும் முதல்நிலை லீக்கில் 27 முறை முதலிடம் பிடித்திருக்கிறது. இது 2024 சீசன் முடிய உள்ள கணக்கு. 2025இல் மியெல்பி முதன்முறையாகப் பட்டத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. இங்கிலாந்து, ஸ்பெயின் லீக்குகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு லீக்கில் முதலிடமும் நாட்டுப் பட்டமும் ஒன்றுதான். ஸ்வீடனில் அவை பல ஆண்டுகள் தனித்தனியாக இருந்தன. இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதுவதால்தான் அந்த நாட்டு கிளப்புகளைப் பற்றிய நம் கட்டுரைகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்கின்றன. ஒரு கிளப்பை வைத்தே அதை விளக்கிவிடலாம் என்று மால்மோவை எடுத்துக்கொண்டோம்.

1896 முதல் 1925 வரை ஸ்வீடன் சாம்பியனைத் தீர்மானித்தது நாக்-அவுட் போட்டி. ஆல்ஸ்வென்ஸ்கான் 1924–25இல் தொடங்கியது. ஆனால் லீக்கை வென்ற அணிக்கு உடனே சாம்பியன் பட்டம் தரப்படவில்லை. 1926 முதல் 1930 வரை சாம்பியன் என்று எந்த அணியையும் அறிவிக்கவே இல்லை. 1930–31 சீசனிலிருந்துதான் லீக்கில் முதலில் வருபவர் சாம்பியன் ஆனார். அரை நூற்றாண்டு அப்படியே ஓடியது. 1982இல் மறுபடி பிரித்தார்கள். லீக் முடிந்ததும் முன்வரிசை அணிகள் பிளே-ஆஃப் ஆட வேண்டும், அதை வென்றவரே சாம்பியன் என்று 1990 வரை நடந்தது. 1991, 1992 ஆகிய இரண்டு ஆண்டுகளில் முதல் ஆறு அணிகளுக்குத் தனியாக ஒரு சிறு லீக் வைத்தார்கள். 1993இலிருந்து பழையபடி லீக் முதலிடமே பட்டம்.

இந்த மாற்றத்தில் அதிகம் இழந்தது மால்மோதான். ராய் ஹாட்ஜ்சன் பயிற்சியாளராக இருந்த 1985 முதல் 1989 வரை ஐந்து சீசனிலும் லீக்கில் முதலிடம். கையில் வந்த பட்டமோ இரண்டு: 1986இல் ஏ.ஐ.கே. அணியையும், 1988இல் யூர்கோர்டனையும் பிளே-ஆஃப் இறுதியில் வீழ்த்தி எடுத்தவை. 1985இல் ஓர்கிரீத்தே சாம்பியன், 1987இல் ஐ.எஃப்.கே. கோத்தன்பர்க், 1989இல் ஐ.எஃப்.கே. நோர்ஷெப்பிங். அந்த 1987 இறுதியின் கணக்கைப் பாருங்கள்: கோத்தன்பர்க்கில் மால்மோ 0–1 எனத் தோற்றது, மால்மோவில் 2–1 என வென்றது. மொத்தம் 2–2. மொத்தம் சமமானால் வெளியூரில் அதிக கோல் போட்டவருக்கே வெற்றி என்ற வெளியூர் கோல் விதிப்படி கோப்பை கோத்தன்பர்க்குக்குப் போனது. லீக் முழுவதும் ஆடி முதலிடம் வந்த அணியின் ஒரு வருட உழைப்பு, சொந்த ஊரில் வாங்கிய ஒரே ஒரு கோலில் கைநழுவியது. 24க்கும் 27க்கும் நடுவில் உள்ள மூன்று இந்த மூன்று ஆண்டுகள்தான்: 1985, 1987, 1989. வேறெதுவும் இல்லை.

கணக்கைச் சரிபார்க்க இதுவே வழி. ஒரு கிளப்புக்கு இரண்டு எண் கிடைத்தால் அவற்றின் வித்தியாசத்தை ஆண்டு ஆண்டாக எழுதிப் பார்க்க வேண்டும். வித்தியாசம் முழுவதும் 1896–1930க்குள்ளும், 1982–1992க்குள்ளும் அடங்கிவிட்டால் இரண்டு எண்ணுமே சரி. அடங்காவிட்டால் ஏதோ ஒன்று பழைய பட்டியலிலிருந்து எடுத்தது. கோத்தன்பர்க்குக்குப் போட்டுப் பார்ப்போம். சாம்பியன் பட்டம் 18, லீக் முதலிடம் 13. இங்கே பட்டம்தான் கூடுதல். 1908, 1910, 1918 மூன்றும் நாக்-அவுட் காலத்தவை. 1983, 1987 இரண்டும் பிளே-ஆஃபில் வந்தவை. ஐந்தும் சரியாக உட்கார்ந்துவிட்டன.

நோர்ஷெப்பிங்கில்தான் ஆள் ஏமாறுவார்கள். சாம்பியன் பட்டம் 13, லீக் முதலிடமும் 13. ஒரே எண் என்பதால் ஒரே பட்டியல் என்று நினைத்துவிடுவோம். 1989இல் அவர்கள் சாம்பியன், லீக் முதலிடம் மால்மோவுக்கு. 1992இல் லீக் முதலிடம் அவர்களுக்கு, சாம்பியன் ஏ.ஐ.கே. ஒன்று கூடி ஒன்று கழிந்து அதே 13. எண் ஒத்துப்போவதாலேயே பட்டியலை ஒப்பிடாமல் விட்டால் இந்தப் பிழை கண்ணிலேயே படாது.

மால்மோ சட்டையில் இருக்கும் நட்சத்திரங்களைப் பற்றியும் அவ்வப்போது தவறாக எழுதப்படுகிறது. ஸ்வீடனில் பத்து சாம்பியன் பட்டத்துக்கு ஒரு நட்சத்திரம். லீக் முதலிடம் இதில் சேராது. லீக்கை 20ஆவது முறை வென்றது 2013இல். ஆனால் இரண்டாவது நட்சத்திரத்துக்கு வேண்டிய 20ஆவது பட்டம் 2017இல்தான் வந்தது. எனவே அடுத்த நட்சத்திரத்துக்கு இன்னும் மூன்று பட்டம்தான் வேண்டும் என்று எழுதினால் பிழை. ஆறு வேண்டும்.

அடுத்து, ஆண்டுகளை எழுதும் முறை. இதில் நடக்கும் பிழைகள் பட்டக் கணக்கைவிடப் பெரியவை என்பது எங்கள் எண்ணம்.

1957 வரை ஸ்வீடன் லீக் இலையுதிர்காலத்தில் தொடங்கி வசந்தத்தில் முடிந்தது. ஆகவே மால்மோவின் முதல் பட்டத்தை 1943–44 என்று எழுத வேண்டும். பின்பு, வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் முடியும் முறைக்கு மாற முடிவு செய்தார்கள். அந்த மாற்றத்துக்காக 1957–58 சீசனை இழுத்து நீட்டி, 12 அணிகளும் ஒன்றோடொன்று மூன்று முறை மோதும்படி 33 ஆட்டங்கள் வைத்தார்கள். அந்த சீசனின் புள்ளிகளை முன்பின் சீசன்களோடு ஒப்பிடக் கூடாது. 1959 முதல் ஒற்றை ஆண்டு: 1965, 1967, 1970 என்று. ஆகவே "மால்மோ 2020–21 லீக்கை வென்றது" என்று நம் பக்கங்களில் வரும் வரி பொருளற்றது. அப்படி ஒரு சீசனே அங்கே கிடையாது. 2020இலும் வென்றார்கள், 2021இலும் வென்றார்கள். அவை இரண்டு தனிப் பட்டங்கள். உள்நாட்டுக் கோப்பை மட்டும் வேறு தாளத்தில் ஓடுகிறது. 2012–13 முதல் அது இலையுதிர்காலத்தில் தொடங்கி மறுவருடம் வசந்தத்தில் முடிகிறது. ஆகவே கோப்பைக்கு 2021–22 என்றும், அதே காலத்து லீக்குக்கு 2022 என்றும் ஒரே கட்டுரையில் எழுத வேண்டி வரும். விசித்திரமாகத் தெரிந்தாலும் அதுதான் சரி.

நாட்காட்டி இப்படி இருப்பதால் ஐரோப்பியப் போட்டிகளில் ஒரு இடைவெளி விழுகிறது. ஒரு ஆண்டின் நவம்பரில் பட்டம் வென்ற அணி, அடுத்த ஆண்டு ஜூலையில்தான் தகுதிச் சுற்றில் இறங்கும். தேறினால் முதன்மைச் சுற்று (2023–24 வரை குழுச் சுற்று, அதன்பின் லீக் சுற்று) செப்டம்பரில். அதற்குள் வீரர்கள் போயிருப்பார்கள், பயிற்சியாளரும் மாறியிருப்பார். 2014–15 சாம்பியன்ஸ் லீக்கில் மால்மோ ஆடியது 2013 பட்டத்தால். அந்தப் பட்டத்தை வென்று தந்தவர் ரிக்கார்ட் நோர்லிங். குழுச் சுற்றுக்குள் கொண்டுபோனவர் 2014இல் பொறுப்பேற்ற நார்வேக்காரர் ஓகே ஹாரைடே. இருவரில் ஒருவர் பெயரை மட்டும் போட்டு இரண்டையும் அவர் தலையில் கட்டுவது வழக்கமாகிவிட்டது. 2021–22க்கு இந்தச் சிக்கல் இல்லை. 2020 பட்டமும், தகுதிச் சுற்றும், 2021 பட்டமும் யான் டால் தோமாசன் காலத்தவைதான்.

தகுதிச் சுற்று முடிவுகளைப் பதியும்போது, எந்த ஆட்டம் எங்கே நடந்தது என்பதைக் கட்டாயம் குறிக்க வேண்டும். ஸ்கோர் மட்டும் போட்டால் கதை புரியாது. 2014இல் சால்ஸ்பர்கில் 1–2 எனத் தோற்று, மால்மோவில் 3–0. 2015இல் அதே சால்ஸ்பர்கில் 0–2, மால்மோவில் மறுபடி 3–0. அடுத்த சுற்றில் கிளாஸ்கோவில் செல்டிக்கிடம் 2–3, மால்மோவில் 2–0. மூன்று முறையும் முதல் ஆட்டம் வெளியூரில் தோல்வி, இரண்டாவது சொந்த ஊரில் கோல் வாங்காமல் வெற்றி. இது தற்செயலாக அமைந்த ஒற்றுமையாக எங்களுக்குத் தோன்றவில்லை. ஜூலை, ஆகஸ்டில் ஸ்வீடன் லீக் பாதியில் இருக்கும். வீரர்கள் ஆட்ட வேகத்தில் இருப்பார்கள். எதிரணிக்கு அப்போதுதான் சீசன் தொடங்கியிருக்கும். டிசம்பரில் நிலைமை தலைகீழாகும். ஸ்வீடன் லீக் முடிந்து சில வாரங்கள் ஆகியிருக்கும். எதிரணி முழு வேகத்தில் இருக்கும். 2015 டிசம்பர் 8 அன்று மாட்ரிட்டில் ரியலிடம் 0–8 என்று வாங்கியதற்கு அது மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டோம். எதிரே ரொனால்டோ இருந்தார், நான்கு கோல் போட்டார். ஆனாலும் அந்த ஸ்கோரை எழுதும்போது மாதத்தையும் சேர்த்து எழுதுவதுதான் நியாயம்.

மால்மோவின் வரலாற்றில் மிக உயர்ந்த கட்டம் 1979. அதைப் பற்றி நம் பக்கங்களில் வரும் பிழைகளும் அதிகம் என்பதால் முழுதாகத் தருகிறோம்.

1978–79 ஐரோப்பியக் கோப்பையில் (இன்றைய சாம்பியன்ஸ் லீக்கின் முன்னோடி) மால்மோ நுழைந்தது 1977 பட்டத்தால். 1978இல் சாம்பியன் ஓஸ்டர், 1979இல் ஹால்ம்ஸ்டாட். ஆகவே இறுதிப் போட்டியில் ஆடியபோது மால்மோ நடப்பு ஸ்வீடன் சாம்பியன் இல்லை. 'நடப்பு சாம்பியன் மால்மோ' என்று எழுதிய இடங்களை அழித்துவிடுங்கள். முதல் சுற்றில் மொனாக்கோ: சொந்த ஊரில் 0–0, அங்கே 1–0. இரண்டாம் சுற்றில் டைனமோ கீவ்: வெளியூரில் 0–0, மால்மோவில் 2–0. காலிறுதியில் போலந்தின் விஸ்வா கிராக்கோவ்: அங்கே 1–2, திரும்பி வந்து 4–1. இந்த ஆட்டத்தில் ஆண்டர்ஸ் லுங்பெரி மூன்று கோல். அரையிறுதியில் ஆஸ்திரியா வியன்னா: அங்கே 0–0, மால்மோவில் 1–0. மே 30 அன்று மியூனிக் ஒலிம்பிக் மைதானத்தில் இறுதி: நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டிடம் 0–1.

ஒன்பது ஆட்டங்களில் ஒன்பது கோல் போட்டு, நான்கு மட்டும் வாங்கினார்கள். ஆறு ஆட்டங்களில் கோலே வாங்கவில்லை. இதைப் படித்துவிட்டு 'பின்னால் கூட்டமாக நின்று தடுத்தார்கள்' என்று எழுதுவது எளிது, ஆனால் தவறு. பயிற்சியாளர் பாப் ஹவுட்டன் இங்கிலாந்திலிருந்து 1974இல் வந்தபோது வயது 26. ஆளுக்கு ஆள் காவல் வைப்பதை விட்டுவிட்டு, இடத்தைக் காக்கும் நான்கு பேர் கொண்ட தடுப்பு வரிசையை அவர் கொண்டுவந்தார். அந்த வரிசை முன்னேறி நிற்கும். நடுக்கள வரிசை அதற்கு ஒட்டியே இருக்கும். எதிரணிக்குப் பந்து வாங்கித் திரும்ப இடம் கிடைக்காது. 4-4-2 என்று எண்ணைப் போடுவதோடு நிறுத்தினால் இந்த விஷயம் விட்டுப்போகும். ஹவுட்டனின் நண்பர் ஹாட்ஜ்சன் இதே முறையோடு ஹால்ம்ஸ்டாட்டுக்கு வந்து 1976, 1979 பட்டங்களை வென்றார். ஸ்வீடனில் இவர்கள் முறையை எதிர்த்தவர்களும் அப்போது நிறைய.

இந்த ஹவுட்டன்தான் 2006 முதல் 2011 வரை இந்திய அணியின் பயிற்சியாளர். 2008இல் ஆசிய சேலஞ்ச் கோப்பையை வென்று, 1984க்குப் பிறகு முதன்முறையாக 2011 ஆசியக் கோப்பையில் இந்தியா ஆடியது அவர் காலத்தில்தான். அவரைப் பற்றி நம் பக்கங்களில் வந்த கட்டுரைகளில் மால்மோ ஒரு வரியைத் தாண்டுவதில்லை. எழுதுபவருக்கு இதைவிட நல்ல வாசல் கிடைக்காது. ஏன் யாரும் திறக்கவில்லை என்பது எங்களுக்கு இன்றுவரை புரியவில்லை.

இறுதி ஆட்டத்தைப் பற்றி இரண்டு விவரம். கோல் விழுந்தது முதல் பாதியின் கடைசி நொடிகளில்: இடப்பக்கமிருந்து ஜான் ராபர்ட்சன் உயர்த்திக் கொடுத்த பந்தை, தூரத்துக் கம்பத்தருகே ஓடிவந்த ட்ரெவர் பிரான்சிஸ் தலையால் முட்டினார். இரண்டாவது, மால்மோ முழு பலத்தோடு ஆடவில்லை. பூ லார்சனும் ராய் ஆண்டர்சனும் காயத்தால் வெளியே இருந்தார்கள். ஸ்டாஃபன் டாப்பர் கால்விரல் முறிவோடு இறங்கி, முதல் பாதியைக்கூட முடிக்க முடியாமல் வெளியேறினார். ஐரோப்பிய சாம்பியனும் தென் அமெரிக்க சாம்பியனும் மோதும் கண்டங்களுக்கு இடையிலான கோப்பையில், அதே ஆண்டுக்கான போட்டியில் ஆட ஃபாரஸ்ட் மறுத்ததால், தோற்ற மால்மோ அவர்கள் இடத்தில் இறங்கியது. பராகுவேயின் ஒலிம்பியாவிடம் மால்மோவில் 0–1, அசுன்சியானில் 1–2. இதை வைத்து மால்மோவை 'ஐரோப்பிய சாம்பியன்' என்று எழுதிவிடாதீர்கள்.

புள்ளிகளைப் பற்றி எழுதும்போது, ஸ்வீடனில் 1989 வரை வெற்றிக்கு 2 புள்ளிதான், 1990 முதலே 3 என்பதை மறக்கக் கூடாது. மால்மோ 1949–50இல் ஒரு ஆட்டம்கூடத் தோற்கவில்லை: 22 ஆட்டங்களில் 20 வெற்றி, 2 டிரா. அன்றைய கணக்கில் 44க்கு 42 புள்ளி. இன்றைய விதிப்படி மாற்றி 62 என்று அட்டவணையில் போடுவதை விட்டுவிடுங்கள். வேண்டுமானால் அடிக்குறிப்பில் சொல்லுங்கள். 1949க்கும் 1951க்கும் இடையில் லீக்கில் தொடர்ந்து 49 ஆட்டங்கள் தோல்வியில்லாமல் ஆடிய ஓட்டம் இந்த சீசனைச் சுற்றியதுதான். அணிகளின் எண்ணிக்கையும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்றைய 16 அணிகள், 30 ஆட்டங்கள் என்பது 2008இலிருந்துதான். இந்த வடிவத்தில் 2010இல் மால்மோ எடுத்த 67 புள்ளிகளை 2025இல் மியெல்பி 75 எடுத்துத் தாண்டியது. 'எல்லாக் காலத்துக்கும் உச்சம்' என்று எழுதுமுன் எந்தக் காலத்து லீக் என்று பார்க்க வேண்டும்.

கீழ்ப்பிரிவுக்கு இறங்கியதிலும் ஒரு வேறுபாடு உண்டு. 1933–34இல் மால்மோ வெளியேறியது களத்தில் தோற்றதால் அல்ல. வீரர்களுக்குப் பணம் கொடுத்ததாக, அன்றைய தொழில்முறை-மறுப்பு விதிகளின்கீழ் தண்டிக்கப்பட்டு இறக்கப்பட்டார்கள். 1936–37இல் திரும்பினார்கள். அதன்பின் 1999 வரை முதல்நிலையை விட்டு இறங்கவில்லை. 1999இல் இறங்கியது சுத்தமாக ஆட்டத்தால். 2000இல் இரண்டாம்நிலை லீக்கில் ஆடி, 2001இல் மேலே வந்தார்கள். இளம் ஸ்லாட்டன் இப்ராஹிமோவிச் அயாக்ஸுக்கு விற்கப்பட்டதும் அந்த 2001இல்தான். அவர் மால்மோவோடு ஸ்வீடன் பட்டம் எதையும் வென்றதில்லை. அவர் படத்தைப் பட்டப் பட்டியலுக்கு மேலே போடுபவர்கள் இதைக் கவனிக்கலாம்.

மகளிர் அணி விவரம் எழுதுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மால்மோ எஃப்.எஃப். பெயரில் 1970இல் தொடங்கிய மகளிர் அணி 2007இல் தனியாகப் பிரிந்தது. இன்று எஃப்.சி. ரூசன்கோர்ட் என்று அறியப்படுவது அதுதான். பழைய மகளிர் பட்டங்கள் அந்த கிளப்பின் கணக்கில் சேரும். மால்மோ எஃப்.எஃப். பின்னாளில் புதிதாகத் தொடங்கிய மகளிர் அணிக்கு அவற்றைச் சேர்க்கக் கூடாது. மைதானத்தையும் குழப்பாதீர்கள். 1958 உலகக் கோப்பைக்காகக் கட்டிய மால்மோ ஸ்டேடியம் வேறு. 2009 முதல் கிளப் ஆடிவரும், இன்று எலேடா என்ற பெயர் கொண்ட மைதானம் வேறு. விளம்பரப் பெயர் என்பதால் ஐரோப்பியப் போட்டிகளில் அதே மைதானம் இன்னொரு பெயரில் வரும்; இடம் மாறிவிட்டதாக எண்ண வேண்டாம்.

உங்களிடம் கேட்பது இதுதான். பழைய பக்கங்களைத் திருத்தும்போது 27ஐ அழித்துவிட்டு 24 என்று மாற்றி நகராதீர்கள். 27 இருக்கட்டும், அதன் பக்கத்தில் 'லீக் முதலிடம்' என்று எழுதுங்கள். அடுத்த வரியில் 'சாம்பியன் பட்டம் 24' என்று சேருங்கள். 1985, 1987, 1989 மூன்றையும் அடைப்புக்குறிக்குள் குறியுங்கள். இரண்டு வரிக்கும் கீழே '2024 சீசன் முடிய' என்று போடுங்கள். அடுத்த பட்டம் வரும்போது திருத்துபவருக்கு எங்கிருந்து எண்ணுவது என்று தெரியும்.

இப்படிக்கு,
ஐரோப்பியக் கால்பந்துப் பதிவுகளைத் தமிழில் தொகுப்போர் சிலர்